விலை கொடுத்தவருக்கும் ஒரு பூட்டு



நம் புதுவையில் ரங்கப்பிள்ளை வீதி என்றொரு வீதி உண்டு. அவ்வீதிக்குப் பெயர் தந்த ஆனந்தரங்கப் பிள்ளை, பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சிடம் துபாஷியாக விளங்கியவர். 1736ஆம் ஆண்டு தொடங்கி 1761ஆம் ஆண்டு வரையில், தாம் கண்டவற்றையும் கேட்டவற்றையும் அவர் நாட்குறிப்பாக எழுதி வந்தார். அவர் மறைந்த சில நாட்களுக்குள் புதுவை ஆங்கிலேயர் கையில் வீழ்ந்தது. கோட்டையும் மாளிகைகளும் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. அந்த அழிவுக்குத் தப்பிய நாட்குறிப்பு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் வெளிப்பட்டது. கலுவா மோம்பிரேன், ஏரியல் என்னும் பிரெஞ்சுக்காரர் இருவர் அதற்குப் படி எடுக்கச் செய்தனர். அப்படி ஒன்று பாரிசு மாநகரின் தேசிய நூலகத்தைச் சென்றடைந்தது. பின்னர் 1904ஆம் ஆண்டு முதல் 1928ஆம் ஆண்டு வரையில் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு பன்னிரண்டு தொகுதிகளாகச் சென்னையில் வெளிவந்தது. படி எடுத்தோர் இல்லையேல் நம் ஊரின் வரலாற்றில் ஒரு கால் நூற்றாண்டு இருண்டு கிடந்திருக்கும்.

1955ஆம் ஆண்டில் இங்கே நிறுவப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திற்குச் சென்றால், எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட ஓலைச்சுவடிக் கட்டுகளைக் காணலாம். அங்குள்ள சைவச் சுவடித் தொகுதியை யுனெஸ்கோ அமைப்பு 2005ஆம் ஆண்டில் உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்துப் பெருமை செய்தது. ஓலையின் ஆயுள் சில நூற்றாண்டுகளே. பழைய ஓலை செல்லரிக்கும் முன்னர்ப் புதிய ஓலையிற் பெயர்த்து எழுதுவோர் தலைமுறைதோறும் இருந்தமையால்தான் நம் நூல்கள் நமக்குக் கிடைத்தன. படி எடுத்தலைத் தொண்டாகப் போற்றிய மரபு நம்முடையது.

அம்மரபில் வந்த நாம், படி எடுத்தலை அஞ்சியே செய்யப்பட்ட ஒரு பொருளை இன்று நாள்தோறும் கையாள்கிறோம். அதுவே கணினிக்குரிய மென்பொருள். அதைக் காப்பதற்கென்று அமைந்த பூட்டுகளின் வரலாற்றையும், அப்பூட்டுகளால் விலை கொடுத்து வாங்கியவர் அடைந்த நன்மை தீமைகளையும் இன்று சிறிது ஆராய்வோம்.

முதலில் ஆக்கியோன் பக்கத்து நியாயத்தைக் கேட்க வேண்டும். ஓர் ஓலைச்சுவடியைப் படி எடுக்கப் பல நாள் உழைப்பு வேண்டும். மென்பொருளைப் படி எடுக்க ஒரு நிமிடம் போதும், செலவும் இல்லை, படிக்கும் மூலத்துக்கும் வேறுபாடும் இல்லை. பல ஆண்டு உழைத்து ஒருவர் ஆக்கியதை ஒரு நிமிடத்திற் பலர் இலவசமாக எடுத்துக்கொண்டால், உழைத்தவர் எவ்வாறு பிழைப்பார்? இக்கேள்வியை 1976ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பில் கேட்ஸ் என்னும் இளைஞர், கணினி ஆர்வலர்களுக்கு எழுதிய ஒரு பகிரங்கக் கடிதத்தில் எழுப்பினார். தம் நண்பர்களுடன் ஆக்கிய பேசிக் என்னும் மென்பொருளைப் பயன்படுத்துவோரிற் பெரும்பாலோர் விலை கொடுக்கவில்லை என்பதே அவர் முறையீடு. அவர் முறையீட்டில் உண்மை இருந்தது.

சட்டமும் மெல்ல மெல்ல அதனை ஒப்புக்கொண்டது. ஒரு விந்தையைப் பாருங்கள். பிரெஞ்சு நாட்டின் புதிய பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11ஆம் நாள் பிறந்தது. நம் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் அதே ஆண்டு சூன் 4ஆம் நாள் பிறந்தது. அப்போது புதுவையின் நிருவாகம் 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று இந்தியாவின் கைக்கு வந்திருந்தது. சட்டப்படியான முழு மாற்றம் 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 16இல் நிகழ்ந்தது. மென்பொருளும் நூலைப் போன்றதோர் ஆக்கமே என்று இந்தியச் சட்டம் 1984இலும், பிரெஞ்சுச் சட்டம் 1985இலும் திருத்தம் பெற்றன. ஆகவே மென்பொருளைத் திருடுதல் இரு நாட்டிலும் குற்றம். இதில் ஐயத்துக்கு இடமில்லை.

ஆனால் வணிகர் சட்டத்தோடு அமையவில்லை. பொருளுக்குள்ளேயே பூட்டையும் வைத்தனர். அப்பூட்டு மூன்று பருவங்களைக் கடந்து வந்திருக்கிறது.

முதற் பருவம் சாவித் தட்டின் காலம். 1983ஆம் ஆண்டில் வெளிவந்த லோட்டஸ் 1-2-3 என்னும் கணக்கு மென்பொருளின் விலை 495 டாலர். அதை வாங்கியவர் தம் கணினியின் வன்வட்டில் நிறுவிக்கொண்ட பின்னும், ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் மூல நெகிழ்வட்டைச் செருகிக் காட்ட வேண்டும். நெகிழ்வட்டோ தூசியாலும் வெப்பத்தாலும் காந்தத்தாலும் எளிதிற் கெடுவது. அது கெட்டால் வேலை நின்றுவிடும். மாற்றுப்படி எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்றால், பூட்டு அதற்கு இடந்தராது.

1984ஆம் ஆண்டின் இறுதியில் வால்ட் என்னும் அமெரிக்க நிறுவனம், இன்னும் ஒருபடி மேலே சென்று, திருட்டுப் படியைப் பயன்படுத்துவோரின் கணினிக்கே கேடு விளைக்கக்கூடிய ஒரு பூட்டை விற்கப்போவதாக அறிவித்தது. மூட்டைப் பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தும் இத்திட்டத்தைக் கேட்டு, நேர்மையாக வாங்கியவர்களே முதலில் கொதித்தெழுந்தனர். பூட்டு தவறாகக் கணித்துவிட்டால் தங்கள் கோப்புகளின் கதி என்ன என்று வினவினர். திட்டம் கைவிடப்பட்டது. 1986ஆம் ஆண்டையொட்டி மைக்ரோசாஃப்ட், ஆஷ்டன்-டேட் போன்ற நிறுவனங்கள் தம் அலுவலக மென்பொருள்களிலிருந்து படித்தடைப் பூட்டுகளை நீக்கிக்கொண்டன. பூட்டினால் வந்த ஆதாயத்தைக் காட்டிலும் வாடிக்கையாளரின் மனக்கசப்பால் வந்த இழப்பு பெரிது என்பதை அவை உணர்ந்தன போலும்.

இரண்டாம் பருவம் பூட்டுக் கட்டையின் காலம். கடைக்காரர்கள் இதனை டாங்கிள் என்பார்கள். கட்டைவிரல் அளவுள்ள இச்சிறு கருவியைக் கணினியின் பின்புறத்தில், அச்சுப்பொறியை இணைக்கும் இடத்திற் செருக வேண்டும். அது இருந்தாலன்றி மென்பொருள் இயங்காது. இப்பருவந்தான் தமிழ் அச்சுத்தொழிலை நேரே தொட்டது. 1980களின் பிற்பகுதியிலிருந்து இந்திய மொழிகளைக் கணினியில் எழுத வழிகள் தோன்றின. தமிழ் எழுத்துருக்களோடும் தட்டச்சு வசதியோடும் விற்கப்பட்ட மென்பொருள்கள் பல, இத்தகைய கட்டையுடனே வந்தன.

நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றிய காலத்தில், எங்கள் பள்ளியின் ஆண்டு மலரை ஒரு சிற்றச்சகம் அச்சிட்டுத் தந்தது. அதன் உரிமையாளர் பெருந்தொகை கொடுத்து முறையாக மென்பொருள் வாங்கியவர். பற்றுச்சீட்டைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டாத குறைதான். ஒருமுறை அவருடைய கட்டை பழுதாயிற்று. அதனை நிறுவனத்துக்கு அனுப்பி மாற்றுப் பெற்று வரும் வரையில், கணினி நல்ல நிலையில் இருந்தும், கோப்புகள் கண்ணெதிரே இருந்தும், ஒரு வரியைத் திருத்த அவரால் இயலவில்லை. ஆண்டு விழா மலரின்றியே நடந்தது. பூட்டு உடைக்கப்பட்ட திருட்டுப் படியை வைத்திருந்த வேறோர் அச்சகத்துக்கு இத்தொல்லை எதுவும் இல்லை. இந்த முரண்பாடே இவ்வரலாறு முழுவதிலும் மீண்டும் மீண்டும் தலைகாட்டுகிறது. பூட்டை உலகில் யாரேனும் ஒருவர் உடைத்துவிட்டாற் போதும். அதன்பின் பரவும் திருட்டுப் படிகள் அனைத்தும் பூட்டற்றவை. காசு கொடுத்தவர் கையில் உள்ளது மட்டும் பூட்டோடு இருக்கும்.

அக்காலத்துத் தமிழுக்கு இன்னொரு தளையும் இருந்தது. ஒவ்வொரு நிறுவனமும் தன் எழுத்துருவில் எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதைத் தன் விருப்பப்படி அமைத்துக்கொண்டது. ஆகவே ஒரு மென்பொருளில் அடித்த தமிழ், மற்றொன்றில் திறந்தால் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். பூட்டுக் கட்டை தொலைந்தாலோ, நிறுவனம் கடையை மூடினாலோ, மென்பொருளோடு அதில் எழுதிய நூலும் எட்டாக்கனியாகும். 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் ஒரு பொது விசைப்பலகையும் பொதுக் குறியீடுகளும் பரிந்துரைக்கப்பட்டன. 2005ஆம் ஆண்டு ஏப்ரலில் நடுவண் அரசு, தமிழ் எழுத்துருக்களும் மென்பொருள்களும் அடங்கிய குறுவட்டை இலவசமாக வெளியிட்டது. 2010ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு யூனிகோடு முறையை ஏற்று அறிவித்தது. இன்று உங்கள் கைப்பேசியில் நீங்கள் எழுதும் தமிழ், கோலாலம்பூரிலும் யாழ்ப்பாணத்திலும் அப்படியே படிக்கப்படுகிறதென்றால், பொதுமுறைக்காகப் பலர் பாடுபட்டதன் பயன் அது.

மூன்றாம் பருவம் இணையத்தின் காலம். இப்போது பூட்டு உங்கள் மேசைமேல் இல்லை. கடல் கடந்து எங்கோ உள்ள சர்வர் என்னும் வழங்கியில் இருக்கிறது. மென்பொருள் அங்கே செய்தி அனுப்பி, இவர் முறையாக வாங்கியவர்தாமா என்று கேட்கும். விடை வந்தால் இயங்கும். விடை வராவிட்டாலோ, தவறாக வந்தாலோ என்ன ஆகும்? வரலாறு சில எடுத்துக்காட்டுகளைத் தந்திருக்கிறது.

2007ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் சரிபார்ப்பு வழங்கியில் கோளாறு நேர்ந்தது. விண்டோசு மென்பொருளை நேர்மையாக வாங்கிய பலரை அது ஒருநாள் அளவும் போலி என்று முத்திரை குத்தியது. பாதிக்கப்பட்ட கணினிகள் 12,000க்கும் குறைவு என்று நிறுவனம் கூறியது. எண்ணிக்கை சிறிதாகலாம், ஆயினும் காசு கொடுத்தவன் கள்வன் என்று அழைக்கப்படுவது சிறிய செய்தியா? 2010ஆம் ஆண்டு மார்ச்சில் யூபிசாஃப்ட் என்னும் பிரெஞ்சு நிறுவனத்தின் வழங்கிகள் தாக்குதலுக்கு உள்ளானபோது, அதன் விளையாட்டை விலைக்கு வாங்கியோர் தம் வீட்டில் தனியாக விளையாடவும் இயலாது தவித்தனர். 2019ஆம் ஆண்டு ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூற் கடையை மூடியது. அவ்வாண்டு சூலையில், முன்னர் விற்ற நூல்களும் படிக்க இயலாதவையாயின. நிறுவனம் விலையைத் திருப்பிக் கொடுத்தது. பக்க ஓரங்களிற் குறிப்பெழுதி வைத்திருந்தோர்க்கு 25 டாலர் கூடுதலாகவும் கொடுத்தது. நாணயமான செயலே. ஆயினும், ஒரு மாணவன் பாடநூலின் ஓரத்தில் எழுதிய குறிப்பின் மதிப்பை எந்தத் துலாக்கோலால் நிறுப்பது?

பூட்டே கேடாக முடிந்த கதையும் உண்டு. 2005ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள், மார்க் ருசினோவிச் என்னும் அமெரிக்கக் கணினி வல்லுநர் ஓர் உண்மையை வெளியிட்டார். சோனி பிஎம்ஜி நிறுவனத்தின் இசைத்தட்டு ஒன்றைத் தம் கணினியில் இட்டபோது, படி எடுப்பதைத் தடுக்கும் மென்பொருள் ஒன்று கணினியின் அடித்தளத்தில் தன்னை மறைத்துக்கொண்டு குடியேறியது என்பதே அது. அது அமைத்த மறைவிடத்தை நச்சுநிரல் எழுதுவோர் சில நாட்களிலேயே தமக்குப் பயன்படுத்திக்கொண்டனர். கண்டனங்கள் எழுந்தன, வழக்குகள் தொடுக்கப்பட்டன, நிறுவனம் அந்த இசைத்தட்டுகளைத் திரும்பப் பெற்றது. வேலியே பயிரை மேய்ந்ததற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை. பாட்டைத் திருட்டுத்தனமாக இறக்கிக்கொண்டவரின் கணினிக்கு இத்தீங்கு வரவில்லை. கடையிற் காசு கொடுத்து வாங்கியவரின் கணினிக்கே வந்தது என்பதைக் கருத்திற் கொள்ளுங்கள்.

இனி, நம் ஊரோடு நெடுங்காலத் தொடர்புள்ள பிரெஞ்சு நாட்டில் நடந்த ஒரு வழக்கைக் காண்போம். ஒருவர் டேவிட் லிஞ்ச் இயக்கிய முல்ஹாலந்து டிரைவ் என்னும் திரைப்படத்தின் டிவிடி தட்டை விலைக்கு வாங்கினார். பழைய ஒளிநாடாக் கருவி மட்டுமே உள்ள தம் தாயின் வீட்டில் பார்ப்பதற்காக அதனை நாடாவிற் பதிய முயன்றார். பூட்டு தடுத்தது. தட்டின் உறையில் இது பற்றித் தெளிவான அறிவிப்பு இல்லை என்றும், சொந்தப் பயனுக்குப் படி எடுக்கச் சட்டம் இடந்தருகிறது என்றும் கூறி, நுகர்வோர் சங்கம் ஒன்றின் துணையோடு அவர் வழக்குத் தொடுத்தார். 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி வெற்று நாடாக்களை வாங்குவோரெல்லாம், சொந்தப் படிக்கு ஈடாக ஆக்கியோர்க்குச் சேரும் ஒரு தொகையை விலையோடு சேர்த்துச் செலுத்தி வந்தனர் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

2004ஆம் ஆண்டில் கீழ் நீதிமன்றம் அவர் வழக்கைத் தள்ளியது. 2005ஆம் ஆண்டு ஏப்ரலில் பாரிசு மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2006ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் பிரான்சின் உச்ச முறையீட்டு மன்றம் அத்தீர்ப்பை உடைத்தது. சொந்தப் படி என்பது சட்டம் தரும் விதிவிலக்கே. உரிமையெனக் கொண்டு வழக்காட இயலாது என்பதே 2008ஆம் ஆண்டில் முடிந்த இவ்வழக்கின் சாரம். ஒரு தட்டுக்கும் ஒரு நாடாவுக்கும் விலை கொடுத்தும், அவர் தம் தாயின் வீட்டில் அப்படத்தைக் காட்டும் உரிமையை நிலைநாட்ட முடியவில்லை. நீதிமன்றங்கள் தம்முள் மாறுபட்டமையே, இவ்வினா எளிதன்று என்பதைக் காட்டும்.

நம் நாட்டுச் சட்டம் யாது கூறுகிறது? மென்பொருளை முறைப்படி உடையவர், இழப்பும் சேதமும் நேராமற் காக்கும்பொருட்டுக் காப்புப்படி எடுத்துக்கொள்ளலாம் என்று 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் 65ஏ என்னும் புதிய பிரிவைச் சேர்த்தது. பிறர் உரிமையைப் பறிக்கும் நோக்கத்தோடு பூட்டை உடைப்போருக்கு இரண்டாண்டு வரையில் சிறையும் அபராதமும் உண்டு. ஆனால் சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத ஒரு செயலுக்காகச் செய்தால் அது இப்பிரிவின்கீழ்க் குற்றமாகாது. நோக்கத்தை நோக்கித் தண்டனை வகுத்த இம்முறை பாராட்டத்தக்கது. எனினும் ஒரு குறை எஞ்சி நிற்கிறது. காப்புப்படி எடுக்கலாம் என்று சட்டம் இசைவு தருகிறது. எடுப்பதற்குரிய சாவியை விற்பவர் தந்தே ஆகவேண்டும் என்று அது கட்டளையிடவில்லை. வாயில் திறந்துகொள்ளலாம் என்ற ஓலை கையில் இருக்கிறது. சாவியோ விற்றவர் இடுப்பில் இருக்கிறது.

இப்பூட்டு சிலருக்குத் தொல்லையாகவும் வேறு சிலருக்குச் சிறையாகவும் ஆகிறது. கண்பார்வை இல்லாத மாணவர்கள், எழுத்தை ஒலியாக மாற்றிப் படிக்கும் மென்பொருளின் துணையால் கல்வி கற்கின்றனர். மின்னூலின் பூட்டு அந்த மென்பொருளை உள்ளே விடாவிட்டால், முழு விலை கொடுத்தும் நூல் அவர்க்கு ஊமையாகிவிடும். இத்தகையோர்க்காக 2013ஆம் ஆண்டு சூனில் மராக்கேஷ் நகரில் ஓர் உலக உடன்படிக்கை நிறைவேறியது. அதற்கு முதன்முதலில் ஏற்பளித்த நாடு இந்தியா, ஆண்டு 2014. நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி இது.

அங்ஙனமாயின் பூட்டே இல்லாமல் வணிகம் நடக்குமா? நடந்திருக்கிறது. 2009ஆம் ஆண்டு சனவரியில் ஆப்பிள் நிறுவனம், தன் கடையில் விற்கும் பாடல்களிலிருந்து பூட்டை நீக்குவதாக அறிவித்தது. அதனால் இசை வணிகம் அழியவில்லை. நியாயமான விலையில், தொல்லையின்றி, நினைத்த நேரத்தில் கிடைக்குமாயின் மக்கள் காசு கொடுத்து வாங்கவே விரும்புவர் என்பதற்கு அது ஒரு சான்று. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தையும் இங்கே நினைவுகூர்வது தகும். பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர் பலர் தட்டச்சிட்டு, எவரும் படிக்கவும் படி எடுக்கவும் தக்க வகையில் இணையத்தில் வைத்தனர். நம் ஓலைச்சுவடி மரபு புது உடை உடுத்து வந்தது என்றே அதைச் சொல்லலாம்.

1827ஆம் ஆண்டில் தோன்றிய நம் ரோமன் ரோலந்து நூலகத்தில் ஒரு நூலை எடுத்துப் பாருங்கள். அதை முன்பு எத்தனை கைகள் புரட்டினவோ யாரும் கணக்கிடவில்லை. அச்சிட்ட நூலை வாங்கியவர் அதைப் படிக்கலாம். நண்பருக்கு இரவல் தரலாம். மகனுக்கு விட்டுச் செல்லலாம். பதிப்பகம் மூடப்பட்டாலும் நூல் மூடிக்கொள்ளாது. பூட்டிட்ட மின்பொருளை வாங்கும்போது, பெரும்பாலும் இவ்வுரிமைகளுள் ஒன்றும் நமக்கு வருவதில்லை. விற்பனை என்ற பெயரில் நடப்பது, நாள் குறிக்காத ஒரு வாடகையே.

மாணவர்களே, இவ்வரலாற்றிலிருந்து நீங்கள் கொள்ளத்தக்கவை மூன்று. பூட்டு தொல்லை தருகிறது என்பதற்காகத் திருட்டுப் படியை நாடாதீர்கள். ஆக்கியோன் உழைப்பு உங்கள் தந்தையின் உழைப்பைப் போன்றதே. இரண்டாவதாக, வாங்குமுன் வினவுங்கள்: இது இணையமின்றி இயங்குமா, காப்புப்படி எடுக்கலாமா, நிறுவனம் மூடினால் என் கோப்பு என்னாகும்? விடை தராதவரிடம் வாங்காதிருத்தல் உங்கள் உரிமை. மூன்றாவதாக, நீங்கள் எழுதும் கட்டுரையானாலும், எடுக்கும் படமானாலும், யாரும் திறக்கத்தக்க பொதுமுறை ஒன்றிலும் ஒரு படி வைத்துக்கொள்ளுங்கள். உங்களுள் சிலர் நாளை மென்பொருள் ஆக்குவோராகவும், சிலர் சட்டம் இயற்றுவோராகவும் விளங்குவீர்கள். கள்வனைத் தடுக்க நீங்கள் வைக்கும் பூட்டு, வாயிலில் காசு கொடுத்து நிற்கும் நல்லவனின் விரலை நசுக்குகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு வையுங்கள்.